திறன்பேசித் தரவு மாற்றத்தின் வரலாறு

திறன்பேசித் தரவு மாற்றம் என்பது, ஒருவர் பழைய பேசியை விட்டுப் புதிய பேசிக்கு மாறும்போது அதிலுள்ள தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், ஒளிப்படங்கள், செயலிகள், அமைப்புகள் ஆகியவற்றைப் புதிய பேசிக்குக் கொண்டு செல்லும் செயலாகும். தொடக்கத்தில் ஒரு சிறு அட்டையைக் கழற்றி மாட்டுவதோடு இந்த வேலை முடிந்தது. இன்று பல ஆண்டுப் படங்களும் உரையாடல்களும் வங்கிச் செயலிகளும் ஒரே கருவியில் இருப்பதால் இது கவனமாகச் செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது.

இந்த வரலாற்றைத் தரவு குடியிருந்த இடத்தின் வரலாறாகப் பார்க்கலாம். தரவு முதலில் அட்டையிலும், பிறகு பேசியின் நினைவகத்திலும், அதன்பின் வீட்டுக் கணினியிலும், அடுத்து நிறுவனங்களின் வழங்கிகளிலும் இருந்தது. இடம் மாறும்தோறும் கூடுதலான தரவைக் கொண்டு செல்ல முடிந்தது. அதே வேளையில், அந்தத் தரவு யார் கையில் இருக்கிறது, வேறொரு நிறுவனத்தின் பேசிக்குச் செல்லும்போது அது உடன் வருமா என்ற கேள்விகளும் எழுந்தன.

சிம் அட்டையின் காலம்

ஜிஎஸ்எம் என்னும் எண்முறைக் கைபேசி வலையமைப்பில் முதல் அழைப்பு 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் செய்யப்பட்டது. அந்நாட்டின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி அதில் பேசினார். அதே ஆண்டில் ஜெர்மனியின் முனிச் நகரைச் சேர்ந்த கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் தான் உருவாக்கிய முதல் 300 சிம் அட்டைகளைப் பின்லாந்தின் ராடியோலின்யா நிறுவனத்துக்கு விற்றது.

சிம் அட்டையின் முதன்மைப் பணி சந்தாதாரரை அடையாளம் காட்டுவது. அதோடு பெயர்களையும் எண்களையும் சேமிக்க ஒரு சிறு பகுதியும், சில குறுஞ்செய்திகளைச் சேமிக்க இன்னொரு பகுதியும் அதில் ஒதுக்கப்பட்டன. எனவே அட்டையைக் கழற்றி வேறொரு பேசியில் போட்டால், கைபேசி எண்ணும் தொடர்புப் பட்டியலும் சேர்ந்தே வந்தன. எந்த நிறுவனம் செய்த பேசியாக இருந்தாலும் அட்டை ஒரே தரத்தில் அமைந்திருந்ததால், பேசியை மாற்றுவதில் நிறுவன வேறுபாடு குறுக்கிடவில்லை.

ஆனால் அட்டையின் இடம் மிகக் குறைவு. பரவலாகப் புழங்கிய அட்டைகளில் ஏறத்தாழ 250 பெயர்களைச் சேமிக்கலாம். ஒரு பெயருக்கு ஓர் எண்தான். ஒருவரின் வீட்டு எண்ணையும் அலுவலக எண்ணையும் வைத்துக்கொள்ள இரண்டு பதிவுகள் தேவைப்பட்டன. படம், முகவரி, பிறந்தநாள் போன்றவற்றுக்கு இடமே இல்லை.

தமிழில் பெயர்களைச் சேமிப்பவர்களுக்கு இந்தக் குறை இன்னும் கூடுதல். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஒருங்குறி முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் தேவை. மேலும் ‘மு’ என்பது மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறிகளாகவே எண்ணப்படும். பெயருக்கு 14 பைட் இடம் ஒதுக்கிய அட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு பைட் மொழிமுறையைக் குறிக்கச் செலவானால், மீதியில் ஆறு தமிழ்க் குறிகள்தான் அடங்கும். ஆங்கில எழுத்தில் முழுமையாக அடங்கும் ‘முத்துலட்சுமி’ என்ற பெயர், தமிழில் எழுதினால் ‘முத்து’ என்பதோடு நின்றுவிடும். இந்த வரம்பை ஓரளவு தளர்த்தும் சுருக்க முறைகளும் தர விதிகளில் இருந்தன. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகளும் தமிழில் 70 குறிகளும் மட்டுமே அடங்குவதற்கும் இதே காரணம்தான்.

இந்தியாவில் 2000களின் தொடக்கத்தில் பரவிய சிடிஎம்ஏ வகைக் கைபேசிகள் பலவற்றில் சிம் அட்டையே கிடையாது. எண்கள் பேசியின் நினைவகத்தில் இருந்தன. அத்தகைய பேசியை மாற்றியவர்கள் எண்களைத் தாளில் எழுதி, புதிய பேசியில் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியிருந்தது. பேசி தொலைந்தால் எண்களும் தொலைந்தன.

அகச்சிவப்பும் புளூடூத்தும்

கைபேசிகளின் நினைவகம் பெருகியபோது, தொடர்புப் பட்டியல் அட்டையிலிருந்து பேசிக்குள் நகர்ந்தது. ஒரு பெயரின் கீழ்ப் பல எண்களும் மின்னஞ்சல் முகவரியும் சேர்க்க முடிந்தது. ஆனால் அட்டையை மாற்றினால் அவை கூடவே வருவதில்லை. எனவே ஒரு பேசி மற்றொரு பேசியோடு நேரடியாகப் பேச ஒரு வழி தேவைப்பட்டது.

முதல் வழி அகச்சிவப்புக் கதிர். இதற்கான தரங்களை வகுக்க 1993-இல் ஒரு கூட்டமைப்பு உருவானது. 1990களின் பிற்பகுதியில் நோக்கியா 6110 போன்ற பேசிகளில் இந்த வசதி இடம்பெற்றது. இரண்டு பேசிகளின் கண்ணாடிச் சாளரங்களும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். இடைவெளி ஒரு மீட்டர் அளவில் இருக்க வேண்டும். நடுவில் கை மறைத்தாலும் அனுப்புவது நின்றுவிடும்.

அடுத்து வந்தது புளூடூத். எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய ஆய்விலிருந்து இது பிறந்தது. எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998-இல் இதற்கான கூட்டமைப்பைத் தொடங்கின. டென்மார்க்கை 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹரால்டு புளூடூத் என்ற மன்னரின் பெயரே இதற்கு இடப்பட்டது. வானொலி அலையில் இயங்குவதால் பேசிகள் நேருக்கு நேர் இருக்கத் தேவையில்லை. சுமார் 10 மீட்டர் வரை எட்டும்.

வழி இருந்தால் மட்டும் போதாது. அனுப்பும் பேசியும் பெறும் பேசியும் ஒரே வடிவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகியவை இணைந்து 1990களின் நடுவில் உருவாக்கிய விகார்டு என்ற வடிவம் இந்தப் பணியைச் செய்தது. ஒருவரின் பெயர், எண், முகவரி ஆகியவற்றை எளிய உரைக்கோப்பாக எழுதும் முறை இது. இதன் 2.1 பதிப்பு 1996-இலும், 3.0 பதிப்பு 1998-இலும், 4.0 பதிப்பு 2011-இலும் வெளிவந்தன. இன்றும் பெரும்பாலான பேசிகள் தொடர்புகளை இந்த வடிவத்தில்தான் ஏற்றுமதி செய்கின்றன. பழைய 2.1 பதிப்பில் தமிழ்ப் பெயர்கள் சமக்குறிகளும் எண்களும் கலந்த நீண்ட தொடராகவே எழுதப்படும். பெறும் பேசி அதைச் சரியாகப் படிக்காவிட்டால், பெயருக்குப் பதிலாக அந்தத் தொடரே திரையில் தோன்றும். கோப்பில் பெயர் அழியவில்லை. படிக்கும் முறைதான் பிழை என்பதைப் பயனர் அறிந்திருப்பது நல்லது.

கணினி வழியாக மாற்றம்

2000களில் வீட்டுக் கணினி இடைத்தரகராக அமைந்தது. பழைய பேசியைக் கம்பிவடத்தால் கணினியுடன் இணைத்துக் காப்புநகல் எடுப்பர்; பிறகு புதிய பேசியை இணைத்து அதை மீட்பர். காப்புநகல் என்பது, மூலம் கெட்டாலும் பயன்படும்படி வேறிடத்தில் வைக்கும் படி ஆகும். நோக்கியா பேசி வைத்திருந்தவர்கள் பிசி சூட் என்ற மென்பொருளை இதற்குப் பயன்படுத்தினர்.

நிறுவனத்துக்கு ஒரு மென்பொருள் என்ற நிலையை மாற்ற, 2000-இல் சிங்க்எம்எல் என்ற பொதுத்தர முயற்சி தொடங்கியது. எரிக்சன், ஐபிஎம், மோட்டரோலா, நோக்கியா, பாம் உள்ளிட்ட நிறுவனங்கள் இதில் பங்கேற்றன. எந்தப் பேசியும் எந்தக் கணினியோடும் வழங்கியோடும் தொடர்புகளையும் நாட்காட்டியையும் ஒத்திசைக்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்த ஐபோனும் தொடக்கத்தில் கணினியையே நம்பியிருந்தது. ஐடியூன்ஸ் மென்பொருள் அதன் காப்புநகலைக் கணினியில் வைத்தது. கடவுச்சொல் இடாமல் எடுக்கும் காப்புநகலில், பேசியில் சேமித்த கடவுச்சொற்களும் பின்னாளில் வந்த உடல்நலக் குறிப்புகளும் சேர்வதில்லை; கடவுச்சொல் இட்டு மறையாக்கம் செய்த காப்புநகலில் மட்டுமே சேரும். திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றி வைப்பதே மறையாக்கம்.

மேகக்கணிமையின் வருகை

மேகக்கணிமை என்பது தரவை இணையத்தின் வழியாக ஒரு நிறுவனத்தின் வழங்கிகளில் வைத்து, எந்தக் கருவியிலிருந்தும் பெறும் முறையாகும். 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு பேசியிலேயே, தொடர்புகள் கூகுள் கணக்கோடு ஒத்திசைந்தன. புதிய பேசியில் அதே கணக்கில் நுழைந்தால் தொடர்புகள் தாமாகவே வந்தன. செயலிகளின் தரவைக் காப்புநகல் எடுக்கும் வசதி 2010-இல் ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பில் வந்தது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0, ஒரு செயலிக்கு 25 மெகாபைட் வரை தானாகவே காப்புநகல் எடுத்தது. ஆப்பிள் நிறுவனம் 2011 அக்டோபரில் ஐகிளவுட் சேவையைத் தொடங்கி, 5 கிகாபைட் இடத்தை இலவசமாக அளித்தது. கணினி இல்லாதவரும் பேசியை மாற்றிக்கொள்ள இவை வழிசெய்தன.

இந்த முறையின் ஆபத்து 2009 அக்டோபரில் வெளிப்பட்டது. அமெரிக்காவில் டி-மொபைல் நிறுவனம் விற்ற சைடுகிக் என்ற பேசி, தொடர்புகள், படங்கள், நாட்காட்டி ஆகியவற்றின் மூலப்படியை வழங்கியிலேயே வைத்திருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் துணை நிறுவனமான டேஞ்சர் அந்த வழங்கிகளை நடத்தியது. வழங்கிகள் பழுதானதால் பயனர்களின் தரவு அழிந்துவிட்டதாக முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் பெரும்பகுதி மீட்கப்பட்டது. தன்னிடம் வேறு படி இல்லாத நிலையில், மேகத்தில் இருப்பதும் ஒரே ஒரு படிதான் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

மற்றொரு சிக்கல் இடமும் கட்டணமும். கூகுள் போட்டோஸ் சேவை 2015-இல் தொடங்கியபோது, சற்றே சுருக்கிய படங்களை அளவின்றி இலவசமாக வைக்க முடிந்தது. 2021 ஜூன் 1 முதல் அப்படங்களும் 15 கிகாபைட் இலவச இடத்தின் கணக்கில் சேர்க்கப்பட்டன. இடம் நிறைந்தால் காப்புநகல் நின்றுவிடும். பயனர் அதைக் கவனிக்காமல் பேசியை மாற்றினால், இடம் நிறைந்த நாளுக்குப் பின் எடுத்த படங்கள் மேகத்தில் இருக்கமாட்டா.

பேசியிலிருந்து பேசிக்கு நேரடியாக

படங்களும் காணொளிகளும் பெருகியபின், எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி மீண்டும் இறக்குவது நேரமும் இணையச் செலவும் பிடிக்கும் வேலையாயிற்று. எனவே இரண்டு பேசிகளையும் பக்கத்தில் வைத்து நேரடியாக மாற்றும் முறைகள் வந்தன. சாம்சங்கின் ஸ்மார்ட் சுவிட்ச் செயலி இவ்வகையில் பரவலாகப் பயன்பட்டது. கூகுள் 2016-இல் வெளியிட்ட பிக்சல் பேசியுடன், பழைய பேசியைக் கம்பிவடத்தால் இணைக்க உதவும் சிறு மாற்றி ஒன்றையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தது. ஐபோனில் 2019 ஜூலையில் வந்த ஐஓஎஸ் 12.4 பதிப்பு, காப்புநகல் இல்லாமலேயே ஓர் ஐபோனிலிருந்து மற்றொன்றுக்குத் தரவை நகர்த்த இடம் தந்தது.

ஒரே இயங்குதளத்துக்குள் மாற்றம் இவ்வாறு எளிதானாலும், ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்சுக்கும் இடையே அது கடினமாகவே இருந்தது. செயலிகள் இரண்டுக்கும் தனித்தனியாக எழுதப்படுகின்றன. அவை தரவைச் சேமிக்கும் முறையும் வேறு. ஆண்ட்ராய்டிலிருந்து வருபவர்களுக்காக ஆப்பிள் 2015-இல் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியை வெளியிட்டது. எதிர்த்திசைக்குக் கூகுளின் ‘சுவிட்ச் டு ஆண்ட்ராய்டு’ செயலி 2022-இல் வந்தது. தன் பக்கம் வருபவருக்கு வாசலைத் திறப்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஆர்வம் காட்டியது. தன்னை விட்டுச் செல்பவருக்கு வழி செய்யும் ஆர்வம் அந்த அளவுக்கு இல்லை.

வாட்சப் உரையாடல்கள்

இந்த இடைவெளியை மக்கள் அதிகம் உணர்ந்தது வாட்சப்பில்தான். குடும்பச் செய்திகள், மறைந்தவர்களின் குரல்பதிவுகள், வணிகக் கணக்குகள் யாவும் அதில் சேர்ந்திருந்தன. ஆண்ட்ராய்டில் அதன் காப்புநகல் கூகுள் டிரைவிலும், ஐபோனில் ஐகிளவுடிலும் வைக்கப்பட்டது. ஒன்றின் காப்புநகலை மற்றொன்று படிக்காது. இயங்குதளம் மாறியவர் தன் எண்ணையும் குழுக்களையும் தக்கவைத்தாலும், பழைய உரையாடல்களை இழக்க நேர்ந்தது.

2021-இல் ஐபோனிலிருந்து சாம்சங் பேசிகள் சிலவற்றுக்குக் கம்பிவடத்தின் வழியாக உரையாடல்களை மாற்றும் வசதி அறிவிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாற்றும் வசதி 2022 ஜூனில் வந்தது. வாட்சப் தொடங்கிய 2009-இலிருந்து கணக்கிட்டால், இருதிசையிலும் முறையான வழி பிறக்க ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆயின. ஒரே இயங்குதளத்தில் மேகத்தின் உதவியின்றி, கியூஆர் குறியீட்டை வருடி உரையாடல்களை மாற்றும் முறை 2023-இல் அறிமுகமானது.

2021 அக்டோபரில் காப்புநகலையே மறையாக்கம் செய்யும் விருப்பமும் சேர்க்கப்பட்டது. அதைத் தேர்ந்தெடுத்தவர் தன் கடவுச்சொல்லையோ 64 இலக்கத் திறவுகோலையோ மறந்தால், வாட்சப் நிறுவனத்தாலும் அந்தக் காப்புநகலைத் திறந்து தர முடியாது.

மாற்றக்கூடாத தரவுகள்

சில தரவுகள் புதிய பேசிக்கு வராமல் இருப்பது குறையன்று, பாதுகாப்புக்கான ஏற்பாடு. இந்தியாவில் 2016-இல் தொடங்கிய யூபிஐ பணப்பரிமாற்றச் செயலிகள், பதிவு செய்யும்போது பேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, கைபேசி எண்ணையும் அந்தக் கருவியையும் பிணைக்கின்றன. எனவே செயலி புதிய பேசியில் நிறுவப்பட்டாலும், அந்த எண்ணுக்குரிய சிம் அட்டையைப் போட்டு மீண்டும் பதிவு செய்ய வேண்டும். செயலியின் படியை மட்டும் எடுத்துச் செல்பவர் பணத்தையும் எடுத்துவிடக் கூடாது என்பதே இதன் காரணம்.

இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு உதவும் செயலிகளும் இவ்வகையின. 2010-இல் வந்த கூகுள் அத்தென்டிகேட்டர் நெடுங்காலம் தன் இரகசியக் குறிகளைப் பேசியிலேயே வைத்திருந்தது. ஆண்ட்ராய்டு பேசிகளுக்கு இடையே அவற்றை மாற்றும் வசதி 2020-இலும், கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி 2023-இலும் வந்தன. அதற்குமுன் பழைய பேசியை அழித்துவிட்டவர்கள், தங்கள் சொந்தக் கணக்குகளுக்குள்ளேயே நுழைய முடியாமல் தவிக்க நேர்ந்தது.

பழைய பேசியில் எஞ்சுவது

தரவு மாற்றம் என்று சொன்னாலும், உண்மையில் நடப்பது படியெடுப்பதுதான். மூலம் பழைய பேசியிலேயே இருக்கிறது. 2014-இல் அவாஸ்ட் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம், இணையத்தில் விற்கப்பட்ட 20 பழைய ஆண்ட்ராய்டு பேசிகளை வாங்கி ஆராய்ந்தது. உரிமையாளர்கள் அழித்துவிட்டதாகக் கருதிய 40,000-க்கும் மேற்பட்ட படங்கள் அவற்றிலிருந்து மீட்கப்பட்டன. 2015-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன் சைமன், ராஸ் ஆண்டர்சன் ஆகியோர் ஐந்து நிறுவனங்களின் 21 பேசிகளைச் சோதித்து, அன்றைய ஆண்ட்ராய்டு பேசிகள் பலவற்றில் ஆலை அமைப்புக்கு மீட்டமைத்தாலும் தரவு முழுமையாக அழிவதில்லை என்று காட்டினர்.

நினைவகத்தை மறையாக்கம் செய்வதே இதற்குத் தீர்வாயிற்று. மறையாக்கம் செய்த பேசியை மீட்டமைக்கும்போது திறவுகோல் அழிக்கப்படுகிறது. எஞ்சும் தரவு யாராலும் படிக்க முடியாத குப்பையாகிவிடும். 2009-இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ் முதல் ஆப்பிள் பேசிகளிலும், ஆண்ட்ராய்டு 6.0-உடன் வந்த திறன்மிக்க புதிய பேசிகளிலும் இது இடம்பெற்றது.

திருட்டைத் தடுக்க வந்த பூட்டு இதற்கு இன்னொரு படியைச் சேர்த்தது. 2013-இல் ஐஓஎஸ் 7 பதிப்பிலும், 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 பதிப்பிலும் வந்த இப்பூட்டு, பழைய உரிமையாளரின் கணக்கு விவரம் இல்லாமல் பேசியை மீண்டும் பயன்படுத்த விடாது. கணக்கிலிருந்து வெளியேறாமல் பேசியை விற்றாலோ உறவினருக்குக் கொடுத்தாலோ, பெறுபவருக்கு அது பயன்படாமல் போகலாம்.

சட்டமும் உரிமையும்

கைபேசி எண்ணைப் பொறுத்தவரை, பயனரின் உரிமை தெளிவாகிவிட்டது. இந்தியாவில் எண்ணை மாற்றாமல் சேவை நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2015 ஜூலை முதல் மாநிலம் விட்டு மாநிலம் சென்றாலும் எண்ணைத் தக்கவைக்க முடிந்தது. அரசின் ஒழுங்குமுறை கட்டாயப்படுத்தியதால், நிறுவனங்கள் மறுக்க முடியவில்லை.

பேசியின் உள்ளே இருக்கும் தரவுக்கு இத்தகைய உரிமை மெதுவாகவே வருகிறது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அதன் 20ஆம் பிரிவில், ஒருவர் தாம் அளித்த தரவைக் கணினி படிக்கும் வடிவத்தில் பெற்று வேறிடம் கொண்டு செல்லும் உரிமையை வழங்கியது. அதன்பின் வந்த எண்ணிமச் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் பெருநிறுவனங்களுக்கு 2024 மார்ச் முதல் பொருந்தின. அப்போது ஆப்பிள் நிறுவனம், ஐபோனிலிருந்து பிற நிறுவனப் பேசிகளுக்கு மாறுவதை எளிதாக்கும் திட்டம் ஒன்றை வெளியிட்டது.

இந்தியாவில் 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் தரவைக் கொண்டு செல்லும் உரிமை இடம்பெற்றிருந்தது. அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டு, 2023 ஆகஸ்டில் வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. தம் தரவு பற்றி அறியவும், திருத்தவும், அழிக்கவும் கோரும் உரிமைகளை அது தருகிறது. தரவைக் கொண்டு செல்லும் உரிமை அதில் சேர்க்கப்படவில்லை.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, பேசி மாற்றுவோர் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு ஒன்று கிடைக்கிறது. முதலில் காப்புநகல் கடைசியாக எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். வசதி இயக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. தொடர்புகளை விகார்டு கோப்பாக ஒரு முறை ஏற்றுமதி செய்து தனியே வைக்கலாம். முக்கியமான படங்களைக் கணினியிலோ நினைவட்டையிலோ இரண்டாவது படியாக வைப்பது நன்று.

மாற்றம் முடிந்ததும் பழைய பேசியை உடனே அழிக்காமல் சில நாட்கள் வைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் தமிழ்ப் பெயர்கள் சரியாகத் தெரிகின்றனவா, வாட்சப் உரையாடல்கள் பழைய ஆண்டுகள் வரை வந்துள்ளனவா, யூபிஐ செயலியும் சரிபார்ப்புச் செயலியும் புதிய பேசியில் வேலை செய்கின்றனவா என்று சோதிக்கலாம். இவை உறுதியான பிறகே பழைய பேசியில் கணக்குகளிலிருந்து வெளியேறி, ஆலை அமைப்புக்கு மீட்டமைத்து, சிம் அட்டையும் நினைவட்டையும் எடுக்கப்பட்டனவா என்று பார்த்துப் பிறரிடம் கொடுக்க வேண்டும்.